இருபது டன் இருக்கே, எங்கே நகரப் போகுது? கடலேறும் கனரகச் சரக்கைக் கட்டும் கணக்கு

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் அரபிக்கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல், 600க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதற்கு முந்தைய நாளே அது ஒரு பக்கமாக 26 டிகிரி சாய்ந்து நின்றது. கேரளக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கிக் கிடந்த படங்களைப் பார்த்தபோது, துறைமுகமே இல்லாத வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: நம் ஊரிலிருந்து போகிற சரக்கை உள்ளே யார் கட்டுகிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள்?

எல்சா ஏன் சாய்ந்தது என்பது வேறு விஷயம், அதற்குள் இங்கே போகப் போவதில்லை. ஆனால் 26 டிகிரி என்ற அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கட்டு இரண்டு இடத்தில்

கன்டெய்னரைக் கப்பலோடு பிணைப்பது ஒரு கட்டு. பெட்டியின் நான்கு மூலைகளில் ட்விஸ்ட்லாக் என்ற திருகுப் பூட்டு, கீழ் அடுக்குகளுக்கு இரும்புக் கம்பி, அதை இறுக்கும் டர்ன்பக்கிள் என்ற திருகு என்று அது கப்பல்காரர்களின் வேலை. கன்டெய்னருக்கு உள்ளே சரக்கைப் பெட்டியோடு பிணைப்பது இன்னொரு கட்டு. இது கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டின் ஒரு ஷெட்டில், கிரேன் ஆபரேட்டரும் நான்கைந்து பேரும் ஒரு மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். கதவைச் சாத்தி சீல் வைத்தபிறகு, போய்ச் சேரும் ஊரில் திறக்கும்வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கப்பல் தளத்தில் திறந்தபடி நிற்கும் சரக்கின் சங்கிலியை மாலுமி தினமும் பார்த்து இறுக்கலாம். மூடிய பெட்டிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கட்டைப் பற்றியது. பாய்லர் துணைக்கருவிகள், பெரிய மின்விசிறிக் கூடுகள், வார்ப்புகள், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலூர் வழியாகப் போகும் கருங்கல் பாளங்கள் போன்ற கனமான சரக்குகளே இதில் சிக்கலானவை. ஆம்பூர் காலணி அட்டைப்பெட்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு. இடைவெளி இல்லாமல் நிரப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எடை ஏன் காப்பாற்றாது

லோடு ஏற்றும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "இருபது டன் இருக்கு சார், எங்கே நகரப் போகுது?" கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஒரு ஆள் தள்ளி அசைக்க முடியாத பொருள் தானாக எப்படி நகரும்?

திருவண்ணாமலைப் பெரிய தேரை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ டன் எடை. ஆனாலும் அதை நிறுத்துவது எடையல்ல, சக்கரத்தடியில் ஓடிவந்து போடுகிற முட்டுக்கட்டை. நகரத் தொடங்கிவிட்டால் எடைதான் பயமுறுத்துகிறது. சரக்குக்கும் அதே நிலைமைதான்.

சாய்ந்த பலகையில் ஒரு பொருள் வழுக்குமா வழுக்காதா என்பதை அதன் எடை தீர்மானிப்பதில்லை. இரண்டு பரப்புகளுக்கு இடையேயான உராய்வு தீர்மானிக்கிறது. கனம் கூடினால் பிடித்து நிறுத்தும் உராய்வு கூடும். கீழே இழுக்கும் விசையும் அதே அளவு கூடும். இரண்டும் கழிந்துபோகும். உராய்வு எவ்வளவு என்பதை ஓர் எண்ணால் சொல்வார்கள், அதற்கு உராய்வுக் கெழு என்று பெயர். சரக்கு அடுக்குவதற்கும் கட்டுவதற்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1991ல் ஏற்ற நெறிமுறை தரும் கெழுக்கள் இவை. எந்தச் சாய்வில் வழுக்கும் என்பதையும் சேர்த்துத் தருகிறேன்:

1. இரும்பின் மேல் இரும்பு, உலர்ந்தது: 0.1. சுமார் 6 டிகிரி சாய்ந்தாலே வழுக்கும்.
2. இரும்பின் மேல் இரும்பு, ஈரமானது: பூஜ்யம். உராய்வே இல்லை என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.
3. மரத்தின் மேல் இரும்பு: 0.3. சுமார் 17 டிகிரி.
4. மரத்தின் மேல் மரம்: 0.4. சுமார் 22 டிகிரி.

எல்சா சாய்ந்தது 26 டிகிரி. இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் கட்டாமல் அந்தச் சாய்வில் நிற்காது. 2 டன் என்றாலும் 40 டன் என்றாலும் ஒன்றுதான். எடை அதிகமானால் ஒரே ஒரு வித்தியாசம், நிறுத்துவதற்கு அந்த அளவு அதிக பலம் தேவைப்படும்.

அதுவும் அசையாமல் சாய்ந்து நிற்கும் கப்பலுக்கான கணக்கு. ஓடுகிற கப்பல் இடமும் வலமுமாக உருளும், மூக்கு மேலே ஏறி இறங்கும், முழுக்கப்பலும் அலையோடு எழும்பி விழும். ராட்டினம் மேலிருந்து கீழே இறங்கும்போது வயிற்றில் ஒரு காலி உணர்வு வருமே, அது சரக்குக்கும் வரும். அந்த நொடியில் சரக்கு தரையை அழுத்துவது குறைகிறது, கூடவே உராய்வும் குறைகிறது. பெருங்கடலில் கப்பல் முன்பின்னாக ஆடும்போது தரைமேல் இருக்கும் அழுத்தம் எடையில் ஐந்தில் ஒரு பங்காகக்கூட இறங்கலாம் என்று வைத்துக்கொண்டு கட்டச் சொல்கிறது, கன்டெய்னர் நிரப்புவதற்கான 2014ம் ஆண்டு நெறிமுறை. எடையை நம்பிக் கட்டாமல் விட்டவருக்கு, வேண்டிய நேரத்தில் அந்த எடையே இருப்பதில்லை.

அப்புறம் எண்ணிக்கை. ஓர் உருளலுக்கு 12 விநாடி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 7,200 தடவை. இருபது நாள் பயணத்துக்கு ஒரு லட்சத்து 44 ஆயிரம். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தளர்ந்தால்கூட என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலைக் கட்டு, கடல் கட்டு

சென்னை–பெங்களூரு சாலையில் வருடக்கணக்காக டிரெய்லர் ஓட்டியவர்களின் கைப்பக்குவம் லேசானதல்ல. ஆனால் அந்தப் பக்குவம் பிரேக்கைச் சுற்றி வளர்ந்தது. திடீர் பிரேக்கில் சரக்கு முன்னால் பாயும், அதனால் முன்பக்கம் பலமாக அடைப்பார்கள். அதே 2014 நெறிமுறை சாலைக்குத் தரும் எண்களும் அதைத்தான் சொல்கின்றன: முன்பக்கம் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கு போதும்.

கடலில் இது தலைகீழ். அலை 12 மீட்டருக்கு மேல் எழக்கூடிய, எல்லையற்ற பெருங்கடல் பயணத்துக்கு முன்பின் 0.4 பங்கு, பக்கவாட்டில் 0.8 பங்கு. கன்டெய்னர்களைக் கப்பலின் நீளவாக்கில்தான் வைப்பார்கள். எனவே கப்பலின் பக்கவாட்டு உருளல் அப்படியே பெட்டியின் பக்கவாட்டில் விழும். லாரியில் எந்தத் திசையைக் கொஞ்சம் லேசாக விட்டார்களோ, அதே திசையில்தான் கடல் அடிக்கிறது. சென்னைத் துறைமுகம்வரை ஒரு கீறல் இல்லாமல் போன சரக்கு கடலில் புரண்டது என்றால் அதில் மர்மம் ஒன்றுமில்லை.

'அது எங்கோ வட அட்லாண்டிக் புயலுக்கு' என்று ஒதுக்கவும் முடியாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலே கொந்தளிப்பாக இருக்கும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், ஐரோப்பாவுக்குப் போகும் பல கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயண நாட்களும் கூடின, கடலும் முரடு. புக்கிங் எடுக்கும்போது ஒரு வழி, கப்பல் போவது வேறு வழி என்பது நடக்கக்கூடியதே. அதனால் கடுமையான எண்ணை வைத்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

கப்பலில் எந்த இடம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். மூக்குப் பக்கமும் தளத்தின் மேல் அடுக்கும் அதிகம் ஆடும். நடுவில், அடித்தட்டில் குறைவு. ஆனால் இடத்தை முடிவு செய்வது அனுப்புகிறவர் அல்ல.

'ஐந்து டன் பெல்ட்' எவ்வளவு பிடிக்கும்?

குழப்பம் அதிகமாக இருப்பது இந்த இடத்தில்தான். கடையில் விற்கும் 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட்டை (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா) 'அஞ்சு டன் பெல்ட்' என்பார்கள். அதன் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். எல்.சி. என்பது பெல்ட் தாங்கக்கூடிய இழுவிசை. எஸ்.டி.எஃப். என்பது ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் ஏறும் முன் இறுக்கம். முதல் எண் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் 350 கிலோவை ஒட்டி இருக்கும். யாரும் அந்த இரண்டாவது எண்ணைப் படிப்பதில்லை.

பெல்ட்டைப் பயன்படுத்த இரண்டு முறைகள் உண்டு.

மேல்கட்டு: சரக்கின் தலைக்கு மேலே போட்டு இரண்டு பக்கமும் கீழே இழுத்துக் கட்டுவது. இது சரக்கை நேரடியாகப் பிடிப்பதில்லை. தரையோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது, அவ்வளவே. இங்கே எவ்வளவு இறுக்கினோம் என்பதுதான் கணக்கு, பெல்ட் எவ்வளவு தாங்கும் என்பதல்ல.

நேர்க்கட்டு: சரக்கில் உள்ள கொக்கி அல்லது வளையத்திலிருந்து பெட்டியின் வளையத்துக்குக் கட்டுவது. சரக்கு நகர முயன்றால் கட்டு நேராக எதிர்த்து இழுக்கும். இங்கே தாங்குதிறன் முழுதாகப் பயன்படும்.

ஓர் உதாரணம். 24 டன் இயந்திரம், மரப்பலகைத் தரை, உராய்வுக் கெழு 0.3.

1. பக்கவாட்டு விசை: 24 × 0.8 = 19.2 டன்.
2. உராய்வு தானாகத் தடுப்பது: 24 × 0.3 = 7.2 டன்.
3. கட்டு தாங்க வேண்டிய மிச்சம்: 12 டன்.
4. ஒரு மேல்கட்டு தருவது: இரண்டு பக்கமும் 350 கிலோ வீதம் 700 கிலோ அழுத்தம். அதில் 0.3 பங்கு, 210 கிலோ.

அதாவது அஞ்சு டன் பெல்ட், மேல்கட்டாகப் போட்டால் 210 கிலோதான் தடுக்கிறது. 12 டன்னுக்கு 58 பெல்ட் வேண்டும். தீபாவளிப் பலகாரப் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதுபோல் சுற்றினாலும் அத்தனைக்கு இடமிருக்காது. நாலு பெல்ட்டைப் போட்டு, கையால் தட்டிப் பார்த்து, 'கிண்ணுனு இருக்கு' என்று திருப்திப்படுவதன் மதிப்பு ஒரு டன்னுக்கும் குறைவு.

இது விளக்கத்துக்கான எளிய கணக்கு. உண்மைக் கணக்கில் பாதுகாப்புக் காரணிகள் சேர்ந்து நிலைமை இன்னும் இறுக்கமாகும்.

இதே கணக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்க்கலாம். சரக்குக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால், கெழுவை 0.6 வரை எடுத்துக்கொள்ள கன்டெய்னர் நெறிமுறை இடம் தருகிறது. அப்போது உராய்வே 14.4 டன்னைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் 4.8 டன். பெல்ட்டுக்குச் செலவழிப்பதைவிட அடியில் போடும் ரப்பருக்குச் செலவழிப்பது பலன் தரும் இடம் இது. தரையைப் பெருக்காமல், எண்ணெய் சிந்தியதைத் துடைக்காமல் ஏற்றினால் அந்தப் பலனும் போய்விடும்.

சங்கிலி, வயர், வளையம்

கனரகச் சரக்குக்கு நேர்க்கட்டும் முட்டுக்கட்டையும்தான் முதுகெலும்பு. முன்பு சொன்ன 1991 நெறிமுறையில் இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது: ஒரு பக்கத்தில் போட்டிருக்கும் எல்லாக் கட்டுகளின் அனுமதித் திறனையும் கூட்டினால் அது சரக்கின் எடைக்குச் சமமாக வேண்டும். மறுபக்கமும் அப்படியே. தரையோடு 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் கட்டுகளைப் பக்கவாட்டு வழுக்கலுக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அனுமதித் திறன் என்பது அறுந்துபோகும் சுமை அல்ல, அதில் ஒரு பகுதி. சங்கிலி, ஷேக்கிள் என்ற இணைப்பு வளையம், நாடா பெல்ட் என்றால் 50 சதவீதம். வயர் ரோப்புக்கு வரும்போது ஒரு விசித்திரம்: ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் புது வயருக்கு 80 சதவீதம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வயருக்கு 30 சதவீதம். 15 டன்னில் அறுபடும் வயர் புதிதாக இருந்தால் 12 டன்னுக்குக் கணக்கு. பத்துத் தடவை கிரேனில் தொங்கி வந்தது என்றால் 4.5 டன். எதையும் வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது நம் பட்டறைகளின் நல்ல பழக்கம்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் அது ஆகாது.

இன்னொரு பக்கம், கட்டு எங்கே போய் மாட்டுகிறது? சாதாரணக் கன்டெய்னரின் தரையோர வளையம் ஒவ்வொன்றும் குறைந்தபட்சம் ஒரு டன் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது, மேலே உள்ளவை அரை டன். 10 டன் சங்கிலியை அதில் மாட்டினால் வளையம் பிய்ந்துவரும். கனரகச் சரக்கை ஃபிளாட் ராக் என்ற, பக்கச்சுவரும் கூரையும் இல்லாத தளத்தில் அனுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதன் வளையங்கள் பலமானவை. 5 டன் வளையம் என்று வைத்துக்கொண்டால், நம் 24 டன் இயந்திரத்துக்குப் பக்கத்துக்கு ஐந்து கட்டு வேண்டும், சங்கிலி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி.

மூடிய பெட்டியில்தான் அனுப்ப வேண்டும் என்றால் வளையங்களை மறந்துவிட்டு, சரக்குக்கும் சுவரின் அடிச்சட்டத்துக்கும் இடையே மரச்சட்டம் கொடுத்து அடைக்க வேண்டும். மெல்லிய நெளிதகட்டுச் சுவரில் ஒரே புள்ளியில் முட்டுக் கொடுத்தால் கட்டை வெளியே எட்டிப் பார்க்கும்.

உயரமான சரக்குக்கு வழுக்கலோடு கவிழ்தலும் உண்டு. அடி அகலம் 2 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால் பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.67. கடல் தரும் 0.8ஐ விட இது குறைவு. அப்படியானால் வழுக்காவிட்டாலும் கவிழும், உயரத்தில் ஒரு கட்டு கட்டாயம்.

தரை தாங்குமா?

20 அடி கன்டெய்னரின் மொத்த எடை வரம்பு 30 டன்னை ஒட்டி இருப்பதால், 18 டன் கருங்கல் பாளத்தை நடுவில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கப்பல் நிறுவனங்கள் மீட்டர் கணக்கில் ஒரு வரம்பு தருகின்றன: 20 அடிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குப் பொதுவாக 4.5 டன், 40 அடிக்கு 3 டன். பாளத்தின் நீளம் 2 மீட்டர் என்றால் மீட்டருக்கு 9 டன் இறங்குகிறது. பெட்டியின் நீளவாக்கில் 4 மீட்டர் தாங்குகட்டை கொடுத்துப் பரப்பினால் சரியாகும். குறுக்கே கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. அடியில் உள்ள இரும்புக் குறுக்குச் சட்டங்களில் எத்தனை சுமையைப் பகிர்கின்றன என்பதுதான் விஷயம்.

அந்தக் கட்டை எப்படிப்பட்டது என்பதும் கேள்வி. பச்சை மரம் என்றால் பயணத்தில் காய்ந்து சுருங்கும். மரம் சுருங்கினால் கட்டு தளரும். போதாததற்கு, ஏற்றுமதியில் போகும் மரப்பெட்டி, பேலட், முட்டுக்கட்டை எல்லாவற்றுக்கும் பூச்சிகளைக் கொல்லும் பதனம் செய்த முத்திரை வேண்டும். வெப்பமுறை என்றால் மரத்தின் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஷெட் மூலையில் கிடந்த ஒரு துண்டைச் செருகினால், அந்த ஒரு துண்டுக்காக மொத்தப் பெட்டியும் அந்நியத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

எடைச் சீட்டு

2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் எந்தக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக்கூடாது. வி.ஜி.எம். என்று ஏஜென்ட்கள் கேட்பது இதைத்தான். நிரப்பிய பெட்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாம், அல்லது சரக்கு, கட்டை, சங்கிலி, காலிப்பெட்டி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லலாம். கட்டையையும் சங்கிலியையும் சேர்க்க மறப்பது சகஜம்.

இந்த விதி வருவதற்கு முன், 2007ல் எம்.எஸ்.சி. நேப்போலி கப்பல் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் விபத்துக்குள்ளானபோது, அதன் தளத்தில் இருந்த பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்று, அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டது. அடுக்கில் எது கீழே, எது மேலே என்று கப்பல் முடிவு செய்வது இந்தச் சீட்டை நம்பித்தான். கீழே லேசான பெட்டி, மேலே கனமான பெட்டி என்றாகிவிட்டால் வெளிக்கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுக்கு சரியும். 2020 நவம்பர் இறுதியில் ஒன் ஏபஸ் என்ற கப்பல் பசிபிக்கில் ஒரே புயலில் 1,816 பெட்டிகளை இழந்தது. ஓர் அடுக்கு சாய்ந்தால் பக்கத்து அடுக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

பெட்டி உடைந்தால் யார் தலையில்?

தொழிற்சாலையிலேயே நிரப்பி சீல் வைத்த பெட்டிக்கான சரக்குப் பத்திரத்தில் 'அனுப்பியவர் ஏற்றி, அடுக்கி, எண்ணியது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கப்பல் நிறுவனம் உள்ளே பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். போதிய பொதிவு (பேக்கிங்) இல்லாததால் வந்த சேதத்துக்குக் கப்பல் பொறுப்பாகாது என்பது கடல் சரக்குச் சட்டங்களில் பழைய விதி. அப்படியானால் காப்பீடு? எல்லா ஆபத்துக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் பாலிசியிலும், போதாத பொதிவும் தயாரிப்பும் விலக்குப் பட்டியலில் இருக்கும். பெட்டிக்குள் அடுக்கிக் கட்டியதையும் அந்த விலக்கு 'பொதிவு' என்றே எடுத்துக்கொள்கிறது, கட்டியது அனுப்பியவரின் ஆட்களாக இருந்தாலோ பாலிசி தொடங்கும் முன்னரே கட்டியிருந்தாலோ.

உள்ளே இருந்த 24 டன் இயந்திரம் பெட்டியைக் கிழித்துக்கொண்டு பக்கத்துப் பெட்டியையும் நசுக்கினால், கேள்வி திரும்பி வந்து நிற்பது சிப்காட் ஷெட்டின் வாசலில். அப்போது கையில் இருக்க வேண்டியவை: பக்கத்துக்கு எத்தனை கட்டு, ஒவ்வொன்றின் அனுமதித் திறன் என்ன என்று எழுதிய ஒரு பக்கக் கணக்கு, சங்கிலிக்கும் பெல்ட்டுக்கும் உரிய சான்றிதழ், கட்டைகளின் முத்திரை தெரியும் படம், கதவு சாத்துவதற்கு முன் உள்ளே நான்கு மூலையிலிருந்தும் எடுத்த படங்கள், கடைசியாக சீல் எண்ணும் பெட்டி எண்ணும் ஒரே சட்டத்தில் தெரியும் ஒரு படம். கைபேசியில் பத்து நிமிட வேலை. ஆனால் டிரெய்லர் வாலாஜாபேட்டை டோலைத் தாண்டிய பிறகு அதைச் செய்ய முடியாது.